தலைமாட்டுப் புத்தகம்

"ராவுல தூக்கம் எப்டி கீது?"

அவர் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான். சாப்பாடு ஆச்சா, சௌக்கியமா, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றெல்லாம் அவர் யாரையும் விசாரித்து நான் பார்த்ததில்லை. ஒரு வீட்டுக்குள் வருவார், நாற்காலி நுனியில் உட்காருவார், தரையைப் பார்த்துக்கொண்டு இதைக் கேட்பார். அறையில் நாலு பேர் இருந்தால் யாரைக் கேட்கிறார் என்றே தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு இருப்பவர்களில் வயதில் மூத்தவர் யாரோ அவரே பதில் சொல்லிவிடுவார். மூன்று மாதத்துக்குள் அந்த வீட்டு வாசலில் சாவுக்கு ஷாமியானா போட்டிருக்கும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் சிறுசேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் செய்ததில் ஓட்டை தேடுவதுதான் என் பிழைப்பு. அவருடைய புத்தகப் பட்டியலை எக்செல்லில் ஏற்றிக் கொடுத்தவளும் நான்தான். அதனால் தேதி உட்பட எனக்குத் தெரியும்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேபில் முப்பது வருடம் ரத்தம் எடுத்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகும் சும்மா இருக்க முடியாமல், செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை வேளையில் மட்டும் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். பக்கத்தில் போனால் ஸ்பிரிட் வாசனையும் அந்துருண்டை வாசனையும் சேர்ந்து வரும். நரம்பு கிடைக்காத ஆட்களை ஊரில் எங்கிருந்தும் அவரிடம் அனுப்புவார்கள். ஆபீசில் ஏதோ ஃபார்ம் கேட்டார்கள் என்று ஒரு சனிக்கிழமை நானும் அவரிடம் போய்க் கையை நீட்டினேன். ஊசி ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. அந்த ஃபார்மே வேண்டாம் என்று பிறகு ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ரிப்போர்ட்டை வாங்கவும் மறந்துபோனேன்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் புத்தகம். அதிலும் பியூரிட்டன்கள் எழுதிய புத்தகம் மட்டும். பியூரிட்டன்கள் என்பவர்கள் முந்நூறு, நானூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இருந்த ஒரு கறாரான கூட்டம். சர்ச்சில் படம் வேண்டாம், அலங்காரம் வேண்டாம், கிறிஸ்துமஸ்கூட வேண்டாம் என்றவர்கள். பாவத்தைப் பற்றியும் சாவைப் பற்றியும் அறுநூறு பக்கம் எழுதிவிட்டு, அது போதாது என்று இரண்டாம் பாகமும் எழுதுவார்கள். எங்கள் சர்ச் ஜனங்கள் வீடுகளில் டிசம்பர் பிறந்தால் ஒவ்வொரு மாடியிலும் ஸ்டார் தொங்கும். அவர் குடியிருந்த மாடிப் போர்ஷனில் மட்டும் தொங்காது. அம்மா கல்கல் பலகாரமும் கேக்கும் கொடுத்தனுப்பினால் வாங்கி வைத்துக்கொண்டு இருபத்தாறாம் தேதிதான் சாப்பிடுவார்.

"பொறப்பு நாள கொண்டாடத் தெரியாத ஜனங்க," என்பாள் அம்மா. "செத்த நாளு மட்டும் கரெக்டா எழுதி வச்சிக்கும்."

அது உண்மைதான். அந்தப் புத்தகங்கள் எங்கள் பக்கத்து வீடுகளுக்கு எப்படி வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் கப்பலில் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது பெட்டி கனக்கிறது என்று சமையல்காரருக்கும் தோட்டக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஆட்களுக்கு அப்போது ஒரு சாண் நிலம் சொந்தம் கிடையாது. பட்டா இல்லை, பத்திரம் இல்லை. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனாலும் வீட்டில் இருந்த ஒரே காகிதம் அதுதான் என்பதால், புத்தகத்தின் கடைசியில் அச்சடிக்காமல் விட்ட வெற்றுப் பக்கத்தில் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிவைக்க ஆரம்பித்தார்கள்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் புத்தகத்தைத் தலைமாட்டில் வைப்பார்கள். அடக்கம் முடிந்து வந்ததும் கடைசிப் பக்கத்தில் பெயர் ஏறும். அந்தப் பக்கம் நிறைந்துவிட்டால் மட்டும் புத்தகம் வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் அடுத்த பக்கத்தையும் கேட்கும் என்று பயம். யாராவது வெளியாள் வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். யார் வருவார்கள்? முன்பெல்லாம் சிலர் சவப்பெட்டியோடு சேர்த்துப் புதைத்தார்கள். சிலர் ஏரியில் விட்டார்கள். உலகத்தில் எங்கெங்கோ தேடினாலும் கிடைக்காத பதிப்புகளெல்லாம் எங்கள் ஊர் மண்ணில் அப்படித்தான் மக்கின.

இவர்தான் அதை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார். நிறைந்த புத்தகத்தைக் கையில் வாங்க அஞ்சாத ஒரே ஆள். தூக்கிக் கொடுக்கிறவர்கள் நன்றியோடு கொடுத்தார்கள், கொடுத்துவிட்டு அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் கதவைச் சாத்தினார்கள். ஊரில் அவருக்குத் 'தலைமாட்டு அண்ணாத்த' என்று பெயர்.

கொளவாய் ஏரிப் பக்கம் இருந்த அவர் போர்ஷனுக்கு நான் சனிக்கிழமை மத்தியானங்களில் போவேன். கேளம்பாக்கத்தில் ஃப்ளாட் எடுத்துத் தங்கியிருந்தாலும் வார இறுதியில் செங்கல்பட்டுக்கு அம்மாவிடம் வந்துவிடுவது வழக்கம். பட்டியல் போட்டுத் தருகிறேன் என்று நானாகத்தான் வலியப் போனேன். பழைய பொருட்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் ஆசை. அங்கே மூன்று இரும்பு பீரோ. உள்ளே வெள்ளைத் துணியில் சுற்றிய புத்தகங்கள். கன்றுத்தோல் அட்டை, எஸ் எழுத்தெல்லாம் எஃப் மாதிரி இருக்கும் அச்சு. ஒவ்வொரு துணியின் மேலும் ரத்தக் குழாயில் ஒட்டுகிற லேபிள் ஒட்டியிருப்பார். பெயர், வயது, தேதி. புத்தகத்தின் பெயரை அல்ல, அது எந்தச் சாவோடு நிறைந்ததோ அவருடைய பெயரை எழுதியிருப்பார்.

எக்செல்லில் ஒரு பத்தி அதிகமாகப் போடச் சொன்னார். 'முதல்ல போன தேதி.' அதாவது அந்த வீட்டுக்கு அவர் முதன்முதலில் போன நாள்.

"இது எதுக்கு அங்கிள்?"

"இருக்கட்டும் பாப்பா."

தொழில் புத்தி போகுமா? நான் அந்தப் பத்தியையும் இறந்த தேதிப் பத்தியையும் கழித்துப் பார்த்தேன். எந்த வரியிலும் இடைவெளி மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. ஃபார்முலா தப்போ என்று இரண்டாம் முறை கழித்தேன், அதே விடை. அதைவிட மோசம், ஒருநாள் ஸ்டேப்ளர் தேடி மேஜை இழுப்பறையைத் திறந்தபோது பார்த்தது. பெயரும் வயதும் எழுதி, தேதி மட்டும் எழுதாமல் ஒரு லேபிள் இருந்தது. அந்தப் பெயர்க்காரர் முந்தின ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என் முன்வரிசையில் உட்கார்ந்து பாடியவர். நான் இழுப்பறையை மூடிவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது யோசித்தால் என்மேலேயே கோபம் வருகிறது.

ஒருமுறை நெம்மேலிக்கு அவரோடு போனேன். பஸ்ஸில் கேளம்பாக்கம் வந்து இறங்கினார், என் ஸ்கூட்டியில் கோவளம் வழியாகக் கூட்டிப்போனேன். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையைத் தாண்டி ஒரு சிமென்ட் ஷீட் வீடு. அங்கே காவல் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு கிழவர், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வா நைனா. உன்ன லேப்ல பாத்தேனே. இன்னா, இவ்ளோ தூரம்?"

இவர் தரையைப் பார்த்தார். "ராவுல தூக்கம் எப்டி கீது?"

"எங்க தூக்கம்? அல சத்தம் கேட்டுகினே கீது."

"அல சத்தம் புதுசா?"

கிழவர் கடல் பக்கம் காதைத் திருப்பினார். "சத்தம் பழசுதான். முழிப்புதான் புதுசு."

அதற்கு மேல் இவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டுப் புத்தகத்தை வாங்கினார். உப்புக் காற்றில் பக்கங்கள் உப்பிப் போயிருந்தன. கடைசிப் பக்கத்தைப் பிரித்து, ஒரு பெயருக்கு மட்டும் இடம் மீதி இருப்பதைப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்திலிருந்து இங்கிலீஷில் ஒரு வரி படித்து, அதைத் தமிழில் சொல்லி, இப்படியே ஒரு மணி நேரம். மனுஷன் தன் சாவைத் தினம் ஒருமுறை சட்டை மாதிரிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது மட்டும் எனக்கு ஞாபகம். கிழவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தினேன். "அவருக்கு என்ன அங்கிள்?"

"வயசாச்சு," என்றார். டீயைக் குடிக்காமல் ஆறவிட்டுக் கீழே ஊற்றினார்.

ஒரு மாதம் முடியவில்லை. கிழவரின் மகள் போன் செய்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள்.

அப்போது எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். இதில் தீர்க்கதரிசனமும் இல்லை, மந்திரமும் இல்லை. அவரிடம் இருப்பது மைக்ராஸ்கோப். ஊரில் எல்லோருடைய ரத்தமும் அவர் கண்ணுக்குக் கீழேதான் போகிறது. யார் போகப்போகிறார்கள் என்று முதலில் தெரிவது அவருக்குத்தான். தெரிந்ததும் யாருடைய புத்தகம் நிறையப்போகிறதோ அந்த வீட்டுக்குப் போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கொள்கிறார். நினைக்க நினைக்க எனக்கு அருவருப்பாக இருந்தது. பட்டியல் போடப் போவதை நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவரே போன் செய்தார்.

"இந்த வாரம் லிஸ்ட்டு வேணாம் பாப்பா. நான் உங்க வூட்டுக்கு வரேன்."

எங்கள் வீட்டுக்கு அவர் அதுவரை வந்ததே இல்லை. அம்மா அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். முப்பது வருடப் பழக்கம். தெருவில் பார்த்தால் நின்று பேசுவாள். ஆனாலும், "நம்ம வாசப்படிய மட்டும் மிதிக்காம இருந்தா சரி" என்று சிரிப்பாள். அந்தச் சனிக்கிழமை அவர் வந்து உட்கார்ந்தபோது அவள் சிரிக்கவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே சோபாவில் லேப்டாப்போடு சாய்ந்திருந்தேன்.

"ராவுல தூக்கம் எப்டி கீது?"

"எனக்கின்னாண்ணே, படுத்தா பொணமாட்டம் தூங்கறேன்," என்றாள் அம்மா.

அவர் தலையாட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். அம்மா மறுபடியும் அதையே சொன்னாள். பிறகு எங்கள் புத்தகத்தைப் பார்க்கவேண்டும் என்றார். அம்மாவின் தாத்தா பங்களாச் சமையல்காரராக இருந்து வாங்கிய புத்தகம். பீரோவிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். கடைசிப் பக்கத்தின் கடைசிப் பெயர் என் அப்பாவுடையது. அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது.

"ஒருத்தருக்குத்தான் எடம் கீது. எனக்குன்னே வுட்டு வச்சிருக்காங்க," என்றாள் அம்மா. அவர் புத்தகத்தை மூடி அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவர் இழுப்பறைக்குள் அம்மாவின் பெயரும் வயதும் எழுதிய லேபிள் கிடப்பது கண்ணெதிரே தெரிந்தது. திங்கள்கிழமையே லீவு போட்டு அம்மாவைக் கேளம்பாக்கத்துக்கு இழுத்துப்போய், தலை முதல் கால் வரை எல்லா டெஸ்ட்டும் எடுக்க வைத்தேன். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்ததைத் தவிர ஒன்றும் இல்லை. டாக்டர் அம்மாவைப் பார்த்து, இன்னும் இருபது வருடம் ஓட்டலாம் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவருக்குத் தெரிந்தது இந்த டாக்டர்களுக்குத் தெரியவில்லை என்றுதான் தோன்றியது.

அவர் விடாமல் வந்தார். அடுத்த சனி, அதற்கடுத்த ஞாயிறு, ஒரு வெள்ளி. அதே நாற்காலி நுனி, அதே கேள்வி. ஒவ்வொரு தடவையும் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்வாள். அந்த வாரங்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆபீஸ் கேபில் உட்கார்ந்தவுடன் தூங்கிப்போய் இரண்டுமுறை ஸ்டாப்பைத் தாண்டிவிட்டேன். காலையில் எழுந்தால் தலையணை உறை நனைந்திருக்கும். சுடிதார் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. ரிலீஸ் நேரம், வேலைப் பளு, போதாததற்கு இந்த மனுஷனால் வந்த கவலை என்று எல்லாவற்றையும் அவர் கணக்கிலேயே எழுதினேன்.

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கேட்டிலேயே மறித்தேன்.

"அங்கிள், இனிமே இங்க வராதீங்க."

நின்றார். தரையைப் பார்த்தார்.

"உங்களுக்கு எங்க புத்தகந்தான வேணும்? எங்கம்மா சாகறதுக்கு வந்து வந்து உக்காந்துகினு கீறீங்களா? அவங்க பேர லேபிள்ல எழுதிட்டீங்களா, இல்லியா? சொல்லுங்க."

"அம்மா பேரு எழுதல பாப்பா."

"பொய்."

"அம்மா பேரு எழுதல."

இரண்டாம் முறை சொல்லும்போது அவர் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கேயே நின்றது. வாயும் திறந்தது. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போகும்வரை அப்படியே நின்றார். பிறகு கையைக் கீழே விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார். ஜெயித்துவிட்ட ஆத்திரத்தோடு நான் படி ஏறினேன். மூன்று படிதான். மூன்றாவதில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா மாவுக் கையோடு வந்தாள். "இன்னாடி, யாரு வந்தது? அவரா?"

"தொரத்திட்டேன். இனிமே வரமாட்டாரு."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள், "நீ இல்லாத நாள்ல அவரு இந்தப் பக்கமே தல காட்டினதில்லடி. சனி, ஞாயிறு. ஒரு வாட்டி வெள்ளிக்கெழம வந்தாரே, அன்னிக்கு நீ லீவு போட்டு வந்திருந்த."

மாவுக் கையாலேயே என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். அப்போது அவள் அம்மா இல்லை, நர்ஸ்.

"எப்பருந்து இப்டி வெளுத்துப் போய்க் கீற? அவராண்ட ரத்தம் குடுத்தியா?"

"ஆபீஸ் ஃபார்முக்கு..."

"ரிப்போர்ட்டு எங்க?"

அம்மா உள்ளே போய்க் கை கழுவினாள், புடவையைச் சரிசெய்துகொண்டாள், பீரோவைத் திறந்து எங்கள் புத்தகத்தை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஆட்டோவில் ஏறியதும்தான் பேசினாள். அவர் வேலையில் சேர்ந்த புதிதில், லேப் ஜன்னலுக்கு வந்த ஒரு வாலிபனுக்கு ரிப்போர்ட்டில் இருந்ததை மறைக்காமல் அப்படியே சொல்லிவிட்டாராம். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனானாம். போனவன் வீட்டுக்குப் போகவில்லை, நேராகத் தண்டவாளத்துக்குப் போயிருக்கிறான். அதன் பிறகு இவர் வாயிலிருந்து யாருக்கும் எந்த முடிவும் வந்ததில்லையாம். கவரை ஒட்டி டாக்டருக்கு அனுப்பிவிடுவார். டாக்டர் யாரென்றே எழுதாமல் வந்து ரத்தம் கொடுத்தவர்களை என்ன செய்வாராம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. வீடு தேடி வருவார்.

மாடிக் கதவு திறந்துதான் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்று, சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினார். ஐந்து வாரம் வேர்வையில் ஊறி, ஓரமெல்லாம் துணி மாதிரி ஆகியிருந்தது. அதன்மேல் என் பெயர்.

அம்மா நின்றபடியே படித்தாள். வெள்ளணு எண்ணிக்கை இருந்த வரியில் அவள் விரல் நின்றுவிட்டது.

"அஞ்சு வாரமாண்ணே?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "முப்பது வருஷம் கூட வேல செஞ்சவதான நானு? எங்காதுல ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"வாசப்படி வரைக்கும் வார்த்த வருதும்மா. உள்ள வந்து அந்தப் புள்ளயப் பாத்தா போயிடுது." அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "அதான் தூக்கம் எப்டி கீதுன்னு கேட்டேன். ராவுல வேர்க்குது அங்கிள்னு அது ஒரு வார்த்த சொல்லிட்டா, அதப் புடிச்சிக்கினு மீதிய சொல்லிடலாம்னு பாத்தேன். ஒவ்வொரு வாட்டியும் நீ பதில் சொல்லிட்ட."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எத்தினி புத்தகம் வச்சிக்கீறீங்க," என்றேன் நான். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "அதுல ஒண்ணுகூட உங்களுக்குச் சொல்லிக் குடுக்கலியா?"

"அதுக்குத்தான் பாப்பா சேத்தேன். அந்த ஆளுங்க நேரா சொல்லிடுவாங்க. சாவு வருதுன்னா வருதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க. படிச்சிப் படிச்சி எனக்கும் வந்துடும்னு நெனச்சேன். வரல."

அம்மா பையிலிருந்து எங்கள் புத்தகத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இந்தா. உயிரோட கீறவங்க கையால குடுக்கறோம். இது எம் பொண்ணு தலமாட்டுல இருக்கக் கூடாது. நீயே வச்சிக்க."

நிறையாத புத்தகத்தை யாரும் வெளியே கொடுத்ததில்லை. அவரும் வாங்கியதில்லை. வாங்கிக்கொண்டார். அட்டையை அவர் கை தடவிக்கொண்டே இருந்தது. எத்தனையோ பேரின் நரம்பைத் தடவிப் பார்த்தே கண்டுபிடித்த கை.

எனக்கு வந்தது ரத்தப் புற்றுநோயில் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை. அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். அந்த ஐந்து வாரத் தாமதத்தைப் பற்றிக் கேட்டபோது பேனாவை மூடிவிட்டு, நடந்ததைப் பேச வேண்டாம் என்றார். தினம் ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம். வேலைக்குப் போகிறேன், கேபில் விழித்துக்கொண்டே போகிறேன். அவரை நான் மன்னிக்கவில்லை. அவர் வராமலிருந்தால் அந்தக் கவர் எங்கள் கைக்கு வந்தே இருக்காது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒருமுறை பார்த்தேன். அடுத்த வருடம், ஏரிக்கரை பஸ் ஸ்டாப்பில். ரோட்டைத் தாண்டி வந்து எதிரே நின்றார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன், "நல்லா தூங்கறேன் அங்கிள்."

தலையாட்டினார். கழுத்துப் பொத்தான் போட்டிருந்தும் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகுமளவு இடைவெளி இருந்தது. அதே சட்டைதான், உள்ளே ஆள் குறைந்திருந்தார். கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்கும் அதே கேள்விதான், நாலே வார்த்தை. என் வாய்வரை வந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மழைக்காலம் தொடங்கியபோது அவர் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். மூன்று பீரோவில் இருந்ததையும் ஒரு வேதாகமக் கல்லூரிக்காரர்கள் வந்து வேனில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். ஒன்றை மட்டும் உங்களிடம் கொடுக்கச் சொல்லி எழுதிவைத்திருந்தார் என்று நீட்டினார். எங்கள் புத்தகம்.

"கடைசி ஒரு வாரமா இதத்தான் தலமாட்டுல வச்சிக்கினு படுத்திருந்தாரும்மா. டாக்டராண்ட போலாம்னு கூப்ட்டா, எனக்குத் தெரியும் சார்ன்னுட்டாரு."

சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் லேபிள் இருந்தது. பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர், என் வயது. பழைய மை. அதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். அதற்குக் கீழே புது மையில் தன் பெயர், தன் வயது. தேதி எழுதவில்லை.

அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் பேனாவை வாங்கி, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, அப்பாவின் பெயருக்குக் கீழே இருந்த அந்த ஒரு வரியில் அவர் பெயரை எழுதினாள். சொந்தம் இல்லை, பந்தம் இல்லை, ஆனாலும் எழுதினாள். அதனால்தான் இங்கே அவர் பெயரை நான் எழுதவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் அது இருக்கிறது.

"எடம் தீந்துபோச்சு," என்றாள். "இனிமே உம் பேரு இதுல ஏறாது."

எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்த பிறகுதான் அடுத்தது உறைத்தது. பக்கம் நிறைந்துவிட்டது. நிறைந்த புத்தகம் வீட்டில் இருக்கக் கூடாது. அம்மாவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புத்தகம் இன்னும் எங்கள் பீரோவில்தான் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை எனக்கு ரத்தம் எடுக்கும் நாள். நிறைந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு போக எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான் இருந்தார்.